காப்பித் துணி

பால் பாத்திரத்தை இறக்கக் கையில் எடுத்த கரித்துணி தன்னுடைய காப்பித் துணிதான் என்று தெரிய சுகிர்தாவுக்கு இரண்டு நொடி ஆனது. அதற்குள் பாத்திரத்தை இறக்கி வைத்தும் விட்டாள். கண்ணுக்கு முன்னால் விரல்களுக்குத்தான் தெரிந்தது. ஓரத்தில் நீல நூல், நெருக்கி நெருக்கி ஓடும் அவளுடைய தையல், கூம்பின் முனையில் அவள் போடுகிற மூன்று முடிச்சு. கூம்புதான் இல்லை. தையல் பாதிவரை விட்டுப்போய்த் துணி விரிந்து கிடந்தது. நடுவில் மஞ்சள் கறை, ஒரு மூலை அடுப்பில் பட்டுக் கருகியிருந்தது, முகர்ந்தால் தாளித்த எண்ணெய் வாடை. நேற்றுச் சாயங்காலம் தண்ணீரில் அலசி, உதறி, கம்பி வளையத்தோடு ஜன்னல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனாள். ஆணி காலியாக இருந்தது. குனிந்து தேடினாள். வளையம் தொட்டிக்குக் கீழே தேங்காய் நார்க் குவியலுக்குள் கிடந்தது, வளைந்து. மணி ஆறாகப் பத்து நிமிடம். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. தனசிங் நடக்கப் போயிருக்கிறார், ஆறரைக்கு வருவார். அவருடைய அக்கா தங்கபுஷ்பம் அறைக்குள் தூங்குகிறாள், அல்லது விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சுகிர்தா இந்த வீட்டுக்கு வந்து இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். ஐம்பத்தொரு வயதில் கல்யாணம் முடித்து வந்தவள் காலையில் அடுக்களையில் நின்று ஒரு அழுக்குத் துணியை முகர்ந்துகொண்டிருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைக்கட்டும் என்றும் உடனே தோன்றியது.

தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா? தெரியாமல்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழுக்குத் துணிதானே, புதிதாக இருக்கும்போது வெள்ளை, பத்து நாளில் பழுப்பு, ஒரு மாதத்தில் மரப்பட்டை நிறம், சோப்புப் போடக் கூடாது, போட்டால் காப்பி முழுக்கச் சோப்பு மணக்கும், வெறும் தண்ணீர்தான், அதனால் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் கறை கறையாகத்தான் இருக்கும். வயதான மனுஷி, கண்புரை வேறு, அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பாள். ஆனால் வளையத்திலிருந்து கழற்றாமல் எப்படி எடுக்க முடியும்? கழற்ற வேண்டுமானால் தையலை அறுக்க வேண்டும். அறுந்ததா, அறுத்ததா? சுகிர்தா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் முனை பிசிறாகவும் இருந்தது, நேராகவும் இருந்தது. முப்பது வருடமாக விளையாட்டு டீச்சராகப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விதான், தள்ளினாளா, நீயாக விழுந்தாயா, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கடைசியில் முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டு அனுப்புவதுதான் நடக்கும், உண்மை மைதானத்திலேயே கிடக்கும். முந்தாநாள் தங்கபுஷ்பம் மதினி அந்த ஆணியைப் பார்த்து, "இதென்ன சுகிர்தா, காலுறையத் தொங்கப் போட்டாப்புல" என்றாளே. கரித்துணி என்று அப்போது சொல்லவில்லையே. காலுறை என்று சொன்னவளுக்கு அது கூம்பு என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்த கூம்பை விரிக்க வேண்டும் என்றால். சீ, விடு. காலையிலேயே ஒரு கிழவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு.

அடுப்பை மறுபடி பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். எதில் போடுவது? எதிரே அலமாரித் தட்டில் இரண்டு நின்றன. பித்தளை பில்டர் பியூலாவுடையது. பியூலா தனசிங்கின் முதல் மனைவி, ஆறு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். மேல் பாத்திரத்தின் வயிற்றில் 'த. பியூலா' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வாரம் ஒருதரம் தங்கபுஷ்பம் அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துப் 'பி' மழுங்கிவிட்டது. சுகிர்தா வந்த முதல் வாரம் அதில்தான் போட்டாள், போடச் சொன்னார்கள், போட்டாள். பொடியை அமுக்குகிற குடையின் காம்பு லேசாக வளைந்திருக்கும், அமுக்கினால் ஒரு பக்கம் சாயும், ஒரு பக்கம் பொடி இறுகும், இன்னொரு பக்கம் தண்ணீர் ஓட்டை வழியே ஓடிவிடும். துளைகள் பாதி அடைத்திருந்தன. நெருப்பில் காட்டித் துளையைத் திறக்கலாமா என்று கேட்டதற்கு, "பியூலா அப்படிச் செய்ய மாட்டா, ஈயம் உருகிரும்" என்று பதில் வந்தது. ஊசியால் குத்தட்டுமா? "பியூலா ஊசியெல்லாம் வைக்க மாட்டா." அரை மணி நேரம் சொட்டும். அந்த அரை மணியும் தங்கபுஷ்பம் அடுக்களை வாசலிலேயே நிற்பாள், செத்துப்போனவளுக்கு வாக்குச்சீட்டு எண்ணுகிறவள் மாதிரி. வந்த டிக்காஷனை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லித் தொலைத்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பது வெள்ளைப் பீங்கான் கூம்பு, தனசிங்கின் மகள் ஷைனி பெங்களூரிலிருந்து அனுப்பியது. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது, பேப்பர் பில்டரில் வடித்தால் காப்பியின் எண்ணெய் தாளோடு நின்றுவிடும், டாக்டரே சொன்னார் ஆன்ட்டி. நூறு தாள் ஒரு பெட்டி. ஓரத்தை மடித்து, கூம்பில் வைத்து, சுடுதண்ணீரால் நனைத்து, பொடி போட்டு ஊற்ற வேண்டும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அந்தத் தாளை ஈரப் பொடியோடு தூக்கிக் குப்பையில் போட வேண்டும். அதுதான் சுகிர்தாவுக்கு ஆகவில்லை. ஒரு தரம் குடிப்பதற்கு ஒரு தாளா? துணியும் எண்ணெயைப் பிடிக்கும்மா, அலசும்போது என் விரலில் வழுவழு என்று வரும், நானே பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆன்ட்டி என்று கூப்பிடுகிற பெண்ணிடம் எவ்வளவு தூரம் வாதாடலாம் என்று தெரியாமல், சரிம்மா என்றாள். ஒன்று இறந்துபோன மனைவியுடையது, ஒன்று மகளுடையது. ஆணியில் தொங்கியது மட்டும்தான் தன்னுடையதாக இருந்தது. இந்த வீட்டுக்குள் அவள் கொண்டுவந்த சாமான் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் டப்பா, கழுத்து விசில், அந்த வளையம்.

வளையத்தை நிமிர்த்தினாள். சைக்கிள் போக்ஸ் கம்பி, இருபத்தொன்பது வயதில் அவளே வளைத்தது. கைப்பிடி ஒரு பூப்பந்து மட்டையின் உடைந்த கம்பு. அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போவாள். ஒரு ஊரில் மழையில் ஆட்டம் நின்று, பதினாலு பெண் பிள்ளைகளோடு டீக்கடை ஓரம் ஒதுங்கியபோது கடைக்காரர் துணியில் காப்பி வடித்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததுமே முடிவு பண்ணிவிட்டாள். திரும்பி வந்து காடாத்துணி அரை மீட்டர் வாங்கினாள். முதல் துணி தளர்வாகப் போய்ப் பொடி இறங்கியது, இரண்டாவது ரொம்ப இறுக்கம், ஒரு டம்ளர் இறங்குவதற்குள் ஒரு பாட்டு முழுக்கக் கேட்கலாம். மூன்றாவது சரியாக வந்தது. அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு துணி, இருபத்திரண்டு வருடம், எத்தனை தைத்திருப்பாள். அலசி ஜன்னலில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், திரும்பி வரும்போது விறைத்துக் காய்ந்திருக்கும், தட்டினால் டப்பென்று சத்தம் கேட்கும். வாடகை வீட்டு ஜன்னல் ஓரம் நின்று குடிக்கிற அந்த ஒரு டம்ளரை யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை. கொடுக்க ஆளில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்படியும் சொல்லலாம். காப்பி ருசியாக இருந்தது என்றும் சொல்லலாம்.

தண்ணீர் முனகத் தொடங்கியது. ஒரு நாளைக்குத்தானே, பித்தளையிலேயே போட்டுவிடு என்று உள்ளேயிருந்து ஒரு குரல். நல்ல குரல்தான், சமாதானமான குரல், அவளுடைய அம்மாவின் குரலாகக்கூட இருக்கலாம். ஒரு நாளைக்குத்தானே. அந்த வார்த்தைதான் சுகிர்தாவுக்குப் பிடிக்காது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வருகிற கார்களை நிறுத்த மைதானத்தின் கிழக்கு ஓரத்தை ஒரு நாளைக்குத்தானே டீச்சர் என்று கேட்டார்கள். கொடுத்தாள். மறு வருடம் கேட்கவில்லை, நிறுத்தினார்கள். அதற்கடுத்த வருடம் அங்கே சைக்கிள் கொட்டகைக்குத் தூண் நட்டார்கள். பிள்ளைகளின் ஓடுபாதை இருநூறு மீட்டரிலிருந்து நூற்று அறுபது ஆனது, வளைவில் எல்லோரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள். அப்புறம் நீளம் தாண்டுகிற மணல் குழி. ஒரு நாள் மத்தியானம் செங்கல் லாரி வந்து நின்றது, குழியில் இறக்கப் போகிறார்கள், தற்காலிகமாகத்தான் டீச்சர். சுகிர்தா போய் மணலில் உட்கார்ந்தாள். சேலையோடு, சப்பணம் போட்டு. யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போனது. தலைமையாசிரியை வந்து எழுந்திருங்க சுகிர்தா, அசிங்கமா இருக்கு என்றாள். மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகள், சிரிக்கிறார்கள், மற்ற டீச்சர்களும் சிரிக்கிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது, மணல் சுடுகிறது. இரண்டு மணி நேரம். லாரிக்காரன்தான் முதலில் சலித்துப்போய் வண்டியைத் திருப்பினான். குழி இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் மணல் டீச்சர் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படி உட்கார்ந்தவள் ஏன் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்? யாரிடமும் சொல்லாத காரணம். போன வருடம் ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. குழாய் திறந்தபடி. தண்ணீர் வாளி நிறைந்து, தரை நிறைந்து, அவள் காதோரம் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் கூப்பிட்டுப் பார்த்தாள். மைதானம் முழுக்கக் கேட்கிற குரல், பக்கத்துப் போர்ஷனில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, தானே கதவைப் பிடித்து எழுந்தாள். எழுந்து தலை துவட்டி, காய்கறிகூட அரிந்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு எந்தத் தண்ணீர் சத்தமும் பழைய தண்ணீர் சத்தமாக இல்லை. விழுகிற சத்தம் கேட்பதற்கு ஒரு ஆள் வீட்டில் வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் சித்தப்பா மகன் இந்த இடத்தைச் சொன்னபோது சரி, பார்க்கலாம் என்றாள். அவன் வீட்டு வரவேற்பறையில் தனசிங் எதிரே உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், விரல்கள் நீளமாக, நகம் சுத்தமாக. என்ன பேசுவது என்று தெரியாமல், காப்பி நல்லாப் போடுவீங்களா என்று கேட்டார். எனக்கு நல்லாப் போடுவேன் என்றாள். சித்தப்பா மகனின் முகம் போன போக்கு! தனசிங் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவும்தான் சம்மதித்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பயம் முக்கால், சிரிப்பு கால். இப்போது அந்த முக்கால் சொல்கிறது, விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுக்கொடு. பித்தளையில் போடு. பியூலா மாதிரிப் போடு. அவர் இன்னும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, டீச்சர் என்கிறார், நீ அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இப்படி ஓரமாக இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு சண்டை வேண்டாம். சுகிர்தா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பயந்த மனுஷி எதையெல்லாம் விழுங்க வேண்டும், அதற்கு ஒரு கணக்கு உண்டா? இடுப்பு வலியை விழுங்கினாள், சித்தப்பா மகனின் சந்தோஷத்தை விழுங்கினாள், ஆசிரியர் அறையின் கேலியை, இந்த வயசிலயா டீச்சர் என்பதை, ஆன்ட்டியை. காப்பியையும் என்றால் முடியாது. அது முடியாது.

அடுப்பை அணைத்தாள். அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். காடாத்துணி இல்லை, தேடினாலும் இருக்காது, போன மாதமே தீர்ந்துவிட்டது. கைக்கு வந்தது கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளை உள்பாவாடை, கெட்டியான பருத்தி, அளவு சரியில்லை என்று கட்டாமலே மடித்து வைத்தது. இதுவா? வெட்டினால் யார் என்ன சொல்வார்கள் என்பது முழுக்கக் காதில் கேட்டது, சொல்லப்போகிற குரலோடு, இழுவையோடு. கத்தரிக்கோல் அதற்குள் துணிக்குள் போய்விட்டது. நல்ல துணி வெட்டுப்படுகிற சத்தம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு முழம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், கொதிக்க வைத்தால்தான் போகும். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சிட்டிகை காப்பிப் பொடியும் போட்டுத் துணியை அமுக்கினாள். ஐந்து நிமிடம் கொதித்தது. பிழிந்து, ஈரத்தோடேயே அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். தையல் டப்பாவில் இருந்தது சிவப்பு நூல்தான். சிவப்பாகவே இருக்கட்டும். ஈரத் துணியில் ஊசி முனகிக்கொண்டே போனது. ஒரு பக்கம், திருப்பி, முனையில் மூன்று முடிச்சு. பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. விரல் ஒரு தையல் தப்பியது. பிரித்துத் திரும்பப் போட்டாள்.

"என்னட்டி, காலங்காத்தால தையல்?" என்றாள் தங்கபுஷ்பம். எழுபது வயது, வெள்ளை ரவிக்கை, தூக்கம் கலையாத கண்.

"காப்பித் துணி மதினி."

"அதான் ஒண்ணு வச்சிருந்தியே."

"அது அடுப்பு மேடையில கிடக்கு. பால இறக்கினேன், அதுலதான்."

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஒன்றும் தெரியவில்லை. "அட, அதுவா? நான் கரித்துணின்னுல்லா நெனச்சேன். அம்புட்டு அழுக்கா இருந்துது." கொஞ்சம் நிறுத்தி, "இது என்ன துணி? நல்லா இருக்கே" என்று குனிந்து தொட்டாள். தொட்ட கை நின்றது. "ஏ சுகிர்தா, இது பாவாடைல்லா!"

"ஆமா. புதுசு. இன்னும் கட்டல."

"பாவாடைத் துணியில காப்பியா! கர்த்தாவே, யாராவது கேட்டாச் சிரிப்பாங்கட்டி. இந்த வீட்டுல ஒருத்தி முப்பது வருசம் காப்பி போட்டா, பித்தளையில, பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் குடிக்க வருவாங்க..."

"மதினி," என்றாள் சுகிர்தா. கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். "தையல அறுத்தீங்களா, அதுவா அறுந்துச்சா?"

கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டாகிவிட்டது. தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ வாசல் தெளிக்கிற சத்தம். "ஆறு வருசமா," என்றாள் கடைசியில், வேறு யாரிடமோ சொல்வது மாதிரி, "ஆறு வருசமா இந்த அடுக்களையில என் கையிதான். சாயர்புரத்து வீட்டப் பூட்டிட்டு வந்தேன். அது இப்பம் இடிஞ்சு கெடக்கு. நீ வந்துட்ட. நல்லதுதான், அவனுக்கு நல்லது. எனக்கு எந்தச் சாமான் எங்க இருக்குன்னு நேத்துத் தெரியல, நீ எல்லாத்தையும் மாத்தி வச்சிட்ட." அறுத்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுகிர்தாவுக்கு அது போதும் என்று பட்டது. கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. போக இடமில்லாமல் வந்தவள் தான் ஒருத்திதான் என்று இருபத்து மூன்று நாளாக நினைத்திருந்தாளே. உப்பு டப்பாவையும் புளி டப்பாவையும் இடம் மாற்றியது நினைவு வந்தது. கேட்காமல்தான் மாற்றினாள். இருந்தாலும் துணி துணிதான், விட முடியாது. எழுந்து வளையத்தில் துணியை மாட்டினாள், தண்ணீரை மறுபடி கொதிக்க விட்டாள், ஒரு டம்ளருக்குப் பொடி போட்டு ஊற்றினாள். கூம்பு கனத்து, முனையில் முதல் சொட்டு திரண்டு, விழுந்தது. பிறகு இழையாக இறங்கியது. புதுத் துணி, கொஞ்சம் வேகம் அதிகம். பரவாயில்லை, இரண்டு நாளில் படிந்துவிடும். பாலைக் கலந்து, சர்க்கரை போட்டு, ஆற்றினாள். பிறகு கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் இன்றுவரை காப்பியை உட்கார்ந்து குடித்ததில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கால் இரண்டும் அதைச் சொல்லின.

கேட் சத்தம். தனசிங் செய்தித்தாளோடு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக நேர்க்கோட்டில் வைத்தார். அக்கா அடுக்களை வாசலில் நிற்பதையும், மனைவி கூடத்தில் டம்ளரோடு இருப்பதையும் பார்த்தார். என்னமோ நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"பாருடே தம்பி," என்றாள் தங்கபுஷ்பம், "பாவாடைய வெட்டிக் காப்பி வடிக்கா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. செய்தித்தாளை மடித்தார், விரித்தார். சுகிர்தா காத்திருந்தாள். நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள், துணி எப்படிக் கிடந்தது, தான் என்ன செய்தாள் என்று. யார் என்று சொல்லவில்லை. தனசிங் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நாளைக்குத்தானே டீச்சர். பித்தளையிலேயே போட்டிருக்கலாமே."

வந்துவிட்டது. எந்த வார்த்தை வரக் கூடாது என்று நினைத்தாளோ அதே வார்த்தை, அதே பணிவோடு. சுகிர்தா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்விடலாம், கதவைச் சாத்தலாம், பெட்டியைக் கட்டலாம், அல்லது ஒன்றும் சொல்லாமல் பித்தளை பில்டரை எடுத்துக் கழுவலாம். இதில் எதைச் செய்தாலும் எழுந்திருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

"இது எனக்குப் போட்ட காப்பி," என்றாள். "உங்களுக்கு எதுல வேணுமோ அதுல நீங்க போட்டுக்கோங்க. பித்தளை இருக்கு. பேப்பர் இருக்கு. துணியும் இருக்கு, ஆனா அதுல குடுக்க மாட்டேன், அது என்னோடது."

"எனக்குக் காப்பி போடத் தெரியாதே."

"ஓடத் தெரியாதுன்னு சொன்ன பிள்ளைகளத்தான் முப்பது வருசமா ஓட விட்டேன்."

தனசிங் செய்தித்தாளை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். கதவு வழியே அவர் முதுகு தெரிந்தது. பித்தளை பில்டரை எடுத்தார். அதன் வயிற்றிலிருந்த எழுத்துகளைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். மேலே திருகினார், கீழே திருகினார், பிரியவில்லை. "இது எப்படிக் கழலும்?" என்று கேட்டார், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல். முப்பது வருடம் அதிலிருந்து குடித்தவர். தங்கபுஷ்பம் "தள்ளு, நான்..." என்று உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"மதினி." சுகிர்தாவின் குரல் அவளையறியாமல் மைதானக் குரலாக வந்தது. தங்கபுஷ்பம் திடுக்கிட்டுத் திரும்பினாள். சுகிர்தா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க வந்து உக்காருங்க. ஆறு வருசம் நின்னாச்சு."

தங்கபுஷ்பம் நாற்காலியைப் பார்த்தாள், தம்பியின் முதுகைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள், விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக. உள்ளே தனசிங் பித்தளையைப் பத்திரமாக இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பீங்கான் கூம்பை எடுத்தார். தாளை மடிக்காமல் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. எடுத்து, பெட்டியின் மேலிருந்த படத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, நீள விரல்களால் ஓரத்தை மடித்தார், அளவெடுத்த மாதிரி அவ்வளவு நேராக. பொடியைக் குவியலாகப் போட்டார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, அதற்குள் ஊற்றப் போகிறார். சுகிர்தாவின் தொடைச் சதை துள்ளியது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நிமிடம், தண்ணீரைக் கொதிக்க விடுங்கள், வட்டமாக ஊற்றுங்கள், ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் போனால் நாளைக்கும் போக வேண்டும், நாளை மறுநாளும், பிறகு அடுக்களையிலேயே நிற்க வேண்டும், மதினி மறுபடி அந்த வாசலில் நிற்பாள், எண்ணிக்கொண்டு. கால் விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் தங்கபுஷ்பத்தின் கால் விரல்களும் அப்படியே அழுந்தியிருந்ததைக் கவனித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். தண்ணீர் கூம்பின் விளிம்பு தாண்டி மேடையில் வழிந்தது. "சே" என்று ஒரு குரல். துணி தேடுகிற சத்தம். அவர் எதை எடுத்துத் துடைத்தார் என்று சுகிர்தா பார்க்கவில்லை.

இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றை அக்காவிடம் நீட்டினார். நிறம் காவித் தண்ணீர். தங்கபுஷ்பம் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பேரு காப்பியாடே?" என்றாள். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, இரண்டாவது வாயும் குடித்தாள், நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தும் விட்டாள். தனசிங் தன் டம்ளரைக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, சுகிர்தாவிடம் நீட்டினார். நெற்றியில் வேர்வை, சட்டைக் கையில் பொடி.

"நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

வாங்கி ஒரு வாய் குடித்தாள். மட்டமான காப்பி. பச்சை வாடை, தண்ணீராக, அடியில் சர்க்கரை கரையாமல். நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் முகம் மலரும்.

"தண்ணி கொதிக்கல," என்றாள். "நாளைக்கு நல்லாக் கொதிச்சப்புறம் ஊத்துங்க."

தனசிங் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நாளைக்குமா?"

"நாளைக்கும்" என்றாள் சுகிர்தா.